அளந்து பார்த்துப் பறக்கவிடுவோம்

ஒரே கடையில் ஒரே வகை மாதிரி விமானத்தை இருவர் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். ஒருவருடைய விமானம் கையை விட்டுக் கிளம்பியதும் சீராக மேலேறுகிறது. மோட்டாரின் விசையைக் குறைத்தால் அமைதியாக மிதந்து இறங்குகிறது. மற்றவருடைய விமானமோ மூக்கைத் தூக்குவதும் தாழ்த்துவதுமாகத் தடுமாறி, சில விநாடிகளில் தரையில் மோதுகிறது. இரண்டிலும் மோட்டார் ஒன்றே, மின்கலமும் ஒன்றே, சிறகின் அளவும் ஒன்றே. அப்படியானால் வேறுபாடு எங்கிருந்து வந்தது?

பெரும்பாலும் அது திடலுக்குச் செல்வதற்கு முன்பே, மேசையின்மேல் தோன்றிவிடுகிறது. விமானத்தின் எடை எங்கே அமைந்திருக்கிறது, சுழல்விசிறி மோட்டாருக்குப் பொருத்தமானதா, அசையும் தகடுகள் எவ்வளவு தூரம் அசைகின்றன என்பவற்றை அளந்து சரிசெய்யும் வேலைக்கு ‘அமைப்புச் சீரமைவு’ என்று பெயர் வைக்கலாம். இதற்கு அதிகப் பணம் தேவையில்லை. அளவுகோல், தராசு, மின்திறன்மானி, பொறுமை ஆகியவை இருந்தால் போதும்.

இது வெறும் விளையாட்டு என்று எண்ணிவிடக் கூடாது. 1.1 கிலோகிராம் எடையுள்ள விமானம் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது என்று கொள்வோம். அது ஒருவர்மேல் மோதினால், ஏறக்குறைய மூன்று மாடி உயரத்திலிருந்து அதே எடையுள்ள பொருள் விழுவதற்குச் சமமான ஆற்றல் அவரைத் தாக்கும். எனவே, விமானத்தைச் சரியாகச் சீரமைப்பது நன்றாகப் பறப்பதற்கான வழி மட்டுமன்று. அக்கம்பக்கத்தில் இருப்பவர்களைக் காக்கும் கடமையும் ஆகும்.

சிறியதிலிருந்து பெரியது

வானொலி அலைகளால் இயக்கப்படும் மாதிரி விமானங்கள் 1930களிலேயே அமெரிக்காவில் பறக்கத் தொடங்கின. ஆனால், அவற்றை எரிபொருள் எந்திரங்களே இயக்கின. மின்மோட்டாரால் இயங்கிய வானொலிக் கட்டுப்பாட்டு விமானத்தின் முதல் அதிகாரப்பூர்வப் பறப்பு 1957ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் இங்கிலாந்தில் நடந்தது. அதை நிகழ்த்தியவர் கர்னல் டாப்ளின். அக்கால மின்கலங்கள் கனமானவை. அவை தந்த ஆற்றலோ குறைவு.

மின்சாரப் பறப்பைப் பற்றி ஆராய்ந்த பிரெட் மிலிட்கி என்பவர் முதலில் மாதிரி விமானங்களில்தான் சோதனை செய்தார். அந்த அனுபவத்தின் பயனாக, 1973ஆம் ஆண்டு ஆஸ்திரியாவில் மனிதர் ஒருவர் ஓட்டிய மின்விமானம் வானில் பறந்தது. 2020ஆம் ஆண்டில், ஈரிருக்கை மின்விமானம் ஒன்று ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பின் முழுச் சான்றிதழைப் பெற்றது. இவ்வாறு, மாதிரி விமானத்தில் கற்ற பாடங்கள் பெரிய விமானங்களுக்கும் உதவியுள்ளன.

நான்கு விசைகள்

பறக்கும் விமானத்தின்மீது நான்கு விசைகள் செயல்படுகின்றன. எடை அதைக் கீழே இழுக்கிறது. சிறகின்மீது பாயும் காற்று தரும் தூக்குவிசை அதை மேலே தாங்குகிறது. சுழல்விசிறி தரும் உந்துவிசை அதை முன்னே செலுத்துகிறது. காற்றின் தடைவிசை அதைப் பின்னே இழுக்கிறது. சீரமைவு என்பது இந்நான்கையும் நமக்குச் சாதகமாக அமைத்துக்கொள்வதே.

இவற்றைப் புரிந்துகொள்ள, புதிதாகப் பழகுவோர் பயன்படுத்தும் நுரைப்பொருள் விமானம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் சிறகு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 1.4 மீட்டர் நீளம். 20 சென்டிமீட்டர் அகலம். மின்கலத்தோடு சேர்த்து அதன் எடை 1.1 கிலோகிராம். இத்தகைய விமானம் மணிக்கு ஏறக்குறைய 28 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே போனால், சிறகால் அதைத் தாங்க இயலாது. அது சட்டென்று கீழே சரியும். இந்த வேகத்தைச் ‘சரிவு வேகம்’ எனலாம்.

எடை கூடினால் சரிவு வேகமும் கூடும். எடை 21 விழுக்காடு கூடினால் சரிவு வேகம் 10 விழுக்காடு உயரும். அப்போது விமானத்தை அதிக வேகத்தில் தரையிறக்க வேண்டியிருக்கும். தேவையற்ற ஒட்டுநாடா, அலங்காரப் பொருள், தடித்த பசை ஆகியவற்றைத் தவிர்க்கும்படி அனுபவசாலிகள் சொல்வதன் காரணம் இதுவே.

சமநிலையே முதற்படி

மொத்த எடையைவிட அந்த எடை எங்கே அமைந்திருக்கிறது என்பது இன்னும் முக்கியமானது. விமானத்தின் முழு எடையும் ஒரு புள்ளியில் குவிந்திருப்பதாகக் கருதலாம். அப்புள்ளியே ஈர்ப்பு மையம். பழகுநர் விமானங்களில் அது பொதுவாகச் சிறகின் முன்விளிம்பிலிருந்து சிறகு அகலத்தின் 25 முதல் 33 விழுக்காடு தொலைவுக்குள் இருக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டு விமானத்தில் இது 5 முதல் 6.6 சென்டிமீட்டர் வரை ஆகும். விமானத்துடன் வரும் கையேட்டில் இதற்கான அளவு கொடுக்கப்பட்டிருந்தால், அதையே பின்பற்ற வேண்டும்.

அதைச் சோதிப்பது எளிது. பறப்பதற்கு வேண்டிய எல்லாவற்றையும், மின்கலம் உட்பட, விமானத்தில் பொருத்துங்கள். சிறகின் அடியில் அந்த அளவில் இரு பக்கமும் பென்சிலால் குறியிடுங்கள். இரண்டு விரல் நுனிகளால் அக்குறிகளில் விமானத்தைத் தாங்கிப் பிடியுங்கள். விமானம் கிடைமட்டமாக அல்லது மூக்கு மிகச் சிறிதே தாழ்ந்து நின்றால் சமநிலை சரி. வால் தாழ்ந்தால் அதைப் பறக்கவிடவே கூடாது. மூக்குக் கனமான விமானம் மந்தமாகப் பறக்கும். ஆனால், கட்டுப்பாட்டில் இருக்கும். வால் கனமான விமானமோ சிறு அசைவுக்கும் பெரிதாக எதிர்வினை காட்டி, விரைவில் கட்டுப்பாட்டை இழந்துவிடும்.

சமநிலையைச் சரிசெய்ய ஈயத் துண்டுகளைத் தேடி ஓட வேண்டாம். மின்கலத்தை நகர்த்தினாலே பெரும்பாலும் போதும். 180 கிராம் எடையுள்ள மின்கலத்தை 3 சென்டிமீட்டர் முன்னே நகர்த்தினால், 1.1 கிலோகிராம் விமானத்தின் ஈர்ப்பு மையம் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் முன்னே செல்லும். மின்கலத்தின் எடையை நகர்த்திய தூரத்தால் பெருக்கி, விமானத்தின் மொத்த எடையால் வகுத்தால் இவ்விடை கிடைக்கும். சரியான இடம் கிடைத்ததும் அங்கே ஒரு கோடு போட்டு வையுங்கள். ஒவ்வொரு முறையும் மின்கலம் அதே கோட்டில் அமர வேண்டும். பறக்கும்போது நகராதபடி பட்டையால் இறுகக் கட்டவும் வேண்டும்.

மோட்டாரும் விசிறியும்

மோட்டாரின்மீது ‘கேவி’ என்று ஓர் எண் குறிக்கப்பட்டிருக்கும். பாரம் எதுவும் இல்லாதபோது, ஒரு வோல்ட்டுக்கு அது நிமிடத்திற்கு எத்தனை முறை சுழலும் என்பதை அவ்வெண் காட்டுகிறது. 1,000 கேவி மோட்டாருக்கு 11.1 வோல்ட் கொடுத்தால், அது நிமிடத்திற்கு 11,100 முறை சுழலும். விசிறியைப் பொருத்தியதும் காற்றைத் தள்ள வேண்டியிருப்பதால் இவ்வேகம் குறையும்.

விசிறியிலும் இரண்டு எண்கள் உள்ளன. ‘10 x 5’ என்றால், விட்டம் 10 அங்குலம். ஒரு சுற்றில் அது முன்னேறக்கூடிய தூரம் 5 அங்குலம். மரத்தில் திருகாணி ஒரு சுற்றுக்கு எவ்வளவு உள்ளே செல்கிறதோ, அதைப் போன்றதே இந்த இரண்டாவது அளவு. நிமிடத்திற்கு 8,000 முறை சுழலும் 10 x 5 விசிறி, கணக்குப்படி மணிக்கு ஏறக்குறைய 61 கிலோமீட்டர் வேகத்தில் காற்றைத் தள்ளும். இது நம் விமானத்தின் சரிவு வேகத்தைப்போல் இரு மடங்குக்கும் சற்று அதிகம். பழகுவதற்கு இது பொருத்தமான அளவு.

வேகம் வேண்டுமா, ஏறும் வலிமை வேண்டுமா என்பதைப் பொறுத்து விசிறியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விட்டம் பெரிதாகவும் முன்னேற்றம் குறைவாகவும் உள்ள விசிறி மெதுவான விமானத்தை நன்கு மேலேற்றும். விட்டம் சிறிதாகவும் முன்னேற்றம் அதிகமாகவும் உள்ள விசிறி விரைவு விமானங்களுக்கு ஏற்றது. மிதிவண்டியில் மேட்டில் ஏற ஒரு பல்சக்கரத்தையும் சமதரையில் விரைய வேறொரு பல்சக்கரத்தையும் பயன்படுத்துவதைப் போன்றது இது.

“பெரிய விசிறியைப் போட்டால் பெரிய பலன்” என்று நினைப்பதில் ஆபத்து உண்டு. சுழலும் வேகம் மாறாமல் இருந்தால், விட்டம் 10 அங்குலத்திலிருந்து 11 அங்குலமாகும்போது தேவைப்படும் திறன் ஏறக்குறைய 46 விழுக்காடு கூடும். பாரம் கூடுவதால் மோட்டார் சற்று மெதுவாகும் என்றாலும், அது இழுக்கும் மின்னோட்டம் கணிசமாக உயரும். மோட்டாரும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் சூடாகிப் பழுதடையலாம். அக்கருவி வானில் செயலிழந்தால் உந்துவிசை நின்றுவிடும். பல விமானங்களில் சுக்கான் போன்றவற்றை அசைக்கும் மின்சாரமும் அக்கருவியின் வழியாகவே வருவதால், கட்டுப்பாடும் போய்விடக்கூடும்.

எனவே, ஊகிக்காமல் அளக்க வேண்டும். மின்கலத்துக்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் இடையே மின்திறன்மானியை இணைத்து, விமானத்தை உறுதியாகப் பிடித்துக்கொண்டு, பெரியவர் ஒருவரின் மேற்பார்வையில் சில விநாடிகள் முழு விசையில் இயக்கிப் பாருங்கள். விசிறிக்கு முன்னும் பக்கவாட்டிலும் எவரும் நிற்கக் கூடாது. மானி 11.2 வோல்ட், 15 ஆம்பியர் என்று காட்டினால், இரண்டையும் பெருக்குங்கள். திறன் 168 வாட். அதை 1.1 கிலோகிராமால் வகுத்தால், கிலோகிராமுக்கு ஏறக்குறைய 153 வாட் கிடைக்கும்.

பழகுநர் விமானத்துக்குக் கிலோகிராமுக்கு 110 முதல் 150 வாட் வரை போதுமானது. வானில் குட்டிக்கரணம் அடிக்கும் விமானத்துக்கு 220 வாட் அளவில் தேவைப்படும். பெரிய விசிறியைப் பொருத்தியபின் மானி 20 ஆம்பியர் காட்டினால், 30 ஆம்பியர் தாங்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்கு அது பாதுகாப்பானது. 20 ஆம்பியர் மட்டுமே தாங்கும் கருவிக்கு அது எல்லைக்கோடு. மோட்டார் தாங்கும் அளவையும் இதேபோல் ஒப்பிட வேண்டும். எந்தக் கருவியும் தன் எல்லையில் ஐந்தில் ஒரு பங்காவது மீதம் வைத்து இயங்குவதே நல்லது.

இங்கே எளிதில் கவனிக்கத் தவறும் ஒரு செய்தியும் உண்டு. விசிறியின்மீது அச்சிடப்பட்டுள்ள எண்கள் பொதுவாக விமானம் செல்லும் திசையை நோக்கியிருக்க வேண்டும். விசிறியைத் திருப்பிப் பொருத்தினால் மோட்டார் இரைச்சலோடு சுழலும். உந்துவிசையோ வெகுவாகக் குறைந்துவிடும்.

மின்கலத்தை மதித்தல்

இக்கால மாதிரி விமானங்களுக்கு உயிர் கொடுப்பது லித்தியம் பாலிமர் மின்கலம். அதன் ஒவ்வொரு கலத்தின் சராசரி மின்னழுத்தம் 3.7 வோல்ட்; முழுவதும் மின்னேற்றினால் 4.2 வோல்ட். மூன்று கலங்கள் தொடராக இணைந்தால் 11.1 வோல்ட் கிடைக்கும். கலம் ஒன்று 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் நிரந்தரமாகக் கெட்டுப்போகலாம்.

ஆகவே, மின்கலத்தை அடிவரை உறிஞ்சிவிடாமல் 80 விழுக்காடு மட்டும் பயன்படுத்த வேண்டும். 2,200 மில்லிஆம்பியர்-மணி மின்கலத்தில் இது 1,760 ஆகும். விமானம் சராசரியாக 10 ஆம்பியர் இழுத்தால், ஏறக்குறைய பத்தரை நிமிடங்கள் பறக்கலாம். கட்டுப்பாட்டுக் கருவியில் நேரத்தை எட்டு நிமிடங்களுக்கு அமைத்து வைப்பது அறிவுடைமை. முதல்முறை தரையிறங்க முடியாமல் மீண்டும் ஒரு சுற்றுச் சுற்றி வர, மீதமுள்ள ஆற்றல் கைகொடுக்கும்.

நீண்ட நேரம் பறக்க ஆசைப்பட்டுப் பெரிய மின்கலத்தை வைத்தால் எடை கூடும், சமநிலை மாறும், சரிவு வேகம் உயரும். ஒன்றை மாற்றினால் மற்றவையும் மாறும் என்பதை மறக்கக் கூடாது.

லித்தியம் மின்கலம் தீப்பற்றும் தன்மை உடையது. அதற்கென உள்ள மின்னேற்றியை மட்டும் பயன்படுத்தி, எளிதில் தீப்பற்றாத இடத்தில் வைத்து, அருகில் இருந்து கவனித்தவாறே மின்னேற்ற வேண்டும். உப்பிய மின்கலத்தைப் பயன்படுத்தக் கூடாது. நம் நாட்டு வெயிலில் நிறுத்தப்பட்ட காருக்குள் அதை விட்டுவரவும் கூடாது. பல நாள் பயன்படுத்தப் போவதில்லை என்றால், கலத்துக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்துப் பத்திரப்படுத்த வேண்டும்.

அசையும் தகடுகள்

விமானத்தைத் திருப்புபவை சிறகிலும் வாலிலும் உள்ள அசையும் தகடுகள். வாலின் கிடைத்தகடு மூக்கை ஏற்றவும் இறக்கவும் செய்கிறது. நிமிர்ந்து நிற்கும் சுக்கான் மூக்கை இடவலமாகத் திருப்புகிறது. சிறகுத் தகடுகள் விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கின்றன. ‘சர்வோ’ எனப்படும் சிறு மோட்டார்கள் மெல்லிய கம்பிகள் மூலம் இவற்றை அசைக்கின்றன.

முதலில், விசிறியைக் கழற்றிவிட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியை முடுக்குங்கள். விமானத்தின் பின்னால் நின்று பாருங்கள். வலப்பக்கம் சாய்க்கும்படி கட்டளையிட்டால், வலச் சிறகின் தகடு மேலே எழ வேண்டும்; இடச் சிறகின் தகடு கீழே இறங்க வேண்டும். மூக்கை ஏற்றக் கட்டளையிட்டால், வாலின் கிடைத்தகடு மேலே எழ வேண்டும். இத்திசைகளுள் ஒன்று தலைகீழாக இருந்தாலும், விமானம் கிளம்பிய சில விநாடிகளில் விழுந்துவிடும். ஒரு நிமிடச் சோதனை ஒரு விமானத்தைக் காப்பாற்றும்.

அடுத்து, தகடுகள் அசையும் தூரத்தை அளவுகோலால் அளந்து, கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். அதிகமாக அசைந்தால், கம்பியைச் சர்வோ கையின் உள்துளைக்கு மாற்றலாம். அப்போது அசைவு குறையும், துல்லியம் கூடும். பிறகு, கட்டுப்பாட்டுக் கருவியின் மென்மை அமைப்பைப் பயன்படுத்தலாம். அது பிடியின் நடுப்பகுதியில் விமானத்தின் எதிர்வினையை மிதமாக்குகிறது. ஓரத்துக்குத் தள்ளும்போது முழு அசைவையும் தருகிறது. பதற்றத்தில் விரல் நடுங்கினாலும் விமானம் நடுங்காது.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

முதல் பறப்பைக் காற்று அமைதியாக உள்ள காலைப் பொழுதில் வைத்துக்கொள்வது நல்லது. போதிய உயரத்தில் விமானத்தை நேராகப் பறக்கவிட்டு, பிடிகளை விட்டுப் பாருங்கள். அது தானாகவே நேராகச் செல்லும்வரை சிறு திருத்தங்களைச் செய்யுங்கள். பிறகு, மோட்டாரின் விசையைக் குறைத்து, மூக்கைச் சற்றுத் தாழ்த்தி, மீண்டும் பிடியை விடுங்கள். விமானம் வேகமாக மூக்கைத் தூக்கினால், ஈர்ப்பு மையம் மிகவும் முன்னே உள்ளது. மேலும் மேலும் தாழ்ந்தால், அது பின்னே உள்ளது. உடனே மீட்டுத் தரையிறக்க வேண்டும். மெல்ல நிமிர்ந்து வந்தால் சமநிலை சரி.

திருத்தும்போது ஒரு விதியை உறுதியாகக் கடைப்பிடிக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். மின்கலத்தின் இடத்தையும் விசிறியையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, விமானம் நன்றாகப் பறந்தால் எதனால் அது நேர்ந்தது என்று தெரியாது. மோசமாகப் பறந்தாலும் காரணம் தெரியாது. தேதி, காற்று நிலை, மாற்றிய அளவு, கண்ட விளைவு ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தால், அடுத்த முறை அதிலிருந்து தொடரலாம். பள்ளி ஆய்வுக்கூடத்தில் நாம் செய்யும் சோதனைக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

விதிகளும் பொறுப்பும்

சிங்கப்பூரில் 250 கிராமுக்கு மேல் எடையுள்ள ஆளில்லா வானூர்திகளைச் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். மாதிரி விமானங்களும் இதில் அடங்கும். பதிவு செய்பவர் 16 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். விமான நிலையங்கள், வான்படைத் தளங்கள் ஆகியவற்றிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் பறக்கவிடவும், 200 அடி உயரத்துக்கு மேல் பறக்கவிடவும் முன்அனுமதி தேவை. பெரிய விமானங்கள் அடிக்கடி வந்து செல்லும் சிறிய தீவில் இவ்விதிகள் இன்றியமையாதவை.

மாணவர்கள் பாதுகாப்பான முறையில் இக்கலையைப் பயில வாய்ப்புகளும் உள்ளன. டிஎஸ்ஓ தேசிய ஆய்வுக்கூடங்களும் சிங்கப்பூர் அறிவியல் நிலையமும் 2009ஆம் ஆண்டு முதல் பறக்கும் இயந்திரப் போட்டியை நடத்தி வருகின்றன. தாங்களே வடிவமைத்த காகித விமானங்களையும் வானொலிக் கட்டுப்பாட்டு விமானங்களையும் மாணவர்கள் அங்குக் கொண்டுவருகின்றனர்.

விலையுயர்ந்த மோட்டாரை எவரும் வாங்கிவிடலாம். ஆனால், அந்த மோட்டார் எவ்வளவு மின்னோட்டம் இழுக்கிறது, விமானம் எந்தப் புள்ளியில் சமநிலை கொள்கிறது, மின்கலத்தில் எத்தனை நிமிடங்கள் மீதம் உள்ளன என்பவற்றைத் தெரிந்து வைத்திருப்பவரே அதை நம்பிப் பறக்கவிட முடியும். அளந்து தெரிந்துகொள்ளும் பழக்கம் உள்ளவர், விமானம் ஏன் விழுந்தது என்று கேட்டால் காரணம் சொல்வார். அடுத்த நாள் அதை மீண்டும் பறக்கவிடவும் செய்வார்.